வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, குடித்தனக்காரரின் ஃப்ரிட்ஜுக்கு?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் எங்களுக்குச் சொந்த வீடு. மாடியில் நாங்கள் இருக்கிறோம். கீழ்த்தளத்தை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். சென்ற மழையில் கீழே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் புகுந்து, இரண்டு நாள் வடியவே இல்லை. குடித்தனக்காரரின் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தைகள் எல்லாம் வீணாகிவிட்டன. எங்களுக்கும் மோட்டார், கீழ்த்தளக் கதவுகள் போயின. காம்பவுண்டு சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. வீட்டுக் கடன் இன்னும் ஓடுகிறது. கடன் வாங்கும்போதே இன்சூரன்ஸுக்கு என்று வங்கியில் ஒரு தொகை பிடித்தார்கள். அதை ஒருநாள் பேச்சுவாக்கில் குடித்தனக்காரரிடம் சொல்லியிருந்தேன். இப்போது அவர், "வீட்டுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே, என் பொருள்களுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் வாடகையில் கழித்துக்கொள்கிறேன்" என்கிறார். நல்ல மனிதர், பகைத்துக்கொள்ள மனமில்லை. யாருடைய நஷ்டம் யாரைச் சேரும்? இனி நாங்கள் எந்தப் பாலிசி எடுப்பது? கோவையில் வாடகை வீட்டில் இருக்கும் என் மகனும் எடுக்க வேண்டுமா?

— ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குடித்தனக்காரருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயரில் எப்படிப்பட்ட வீட்டுப் பாலிசி இருந்தாலும் அவருடைய ஃப்ரிட்ஜுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. இதில் உங்கள் கஞ்சத்தனமும் இல்லை, காப்பீட்டு நிறுவனத்தின் தந்திரமும் இல்லை. ஒரு பொருள் அழிந்தால் யாருக்குப் பண நஷ்டமோ அவர் மட்டும்தான் அதைக் காப்பீடு செய்ய முடியும். அவருடைய ஃப்ரிட்ஜ் மிதந்ததில் உங்களுக்கு வருத்தம் இருக்கலாம், நஷ்டம் இல்லை. கட்டடமும், நீங்கள் வைத்துக் கொடுத்த மின்விசிறி, கீசர், அலமாரி போன்றவையும் உங்கள் கணக்கு. அவர் லாரியில் ஏற்றி வந்து இறக்கியதெல்லாம் அவர் கணக்கு. ஒரே கூரை, இரண்டு பாலிசி. நான் காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராகப் போய் நிற்கும் வாடகை வீடுகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்காது. பல வீடுகளில் இரண்டுமே இருக்காது.

அடுத்து, வங்கி பிடித்த அந்தத் தொகை. இதைத்தான் நீங்கள் இன்றைக்கே பார்க்க வேண்டும். வீட்டுக் கடனோடு விற்கப்படும் இன்சூரன்ஸ் இரண்டு வகை. கடன் வாங்கியவர் இறந்துபோனால் மீதிக் கடனைக் கட்டுவது ஒன்று. அது ஆயுள் காப்பீடு. வீடு முழுவதும் தண்ணீரில் நின்றாலும் அதற்கு அக்கறை இல்லை. கட்டடம் தீயிலோ வெள்ளத்திலோ சேதமானால் பணம் தருவது மற்றொன்று. வங்கியில் கையெழுத்துப் போடும் அவசரத்தில் இரண்டும் "லோன் இன்சூரன்ஸ்" என்ற ஒரே பெயரில் போய்விடுகின்றன. பத்து வருடமாக வீட்டைக் காப்பீடு செய்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்து, ஃபைலைத் திறந்தால் கணவரின் உயிருக்கு மட்டும் பாலிசி இருக்கும். அதிலும் தவறில்லை, அதுவும் தேவைதான். வெள்ளத்துக்கு அது உதவாது, அவ்வளவே.

கண்டுபிடிப்பது எளிது. பாலிசியின் முதல் பக்கத்தில் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது முதல் வகை. பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் (அதாவது ஆயுள் அல்லாத காப்பீடு விற்கும் நிறுவனத்தின்) பெயரும், உங்கள் வீட்டு முகவரியும், "கட்டடம்" என்ற தலைப்பின் எதிரே ஒரு தொகையும் இருந்தால் இரண்டாவது வகை. அப்படியானால் முடியும் தேதியையும் பாருங்கள். முதல் ஆண்டு மட்டும் எடுத்துவிட்டு அதன்பின் யாரும் புதுப்பிக்காத பாலிசிகள் ஏராளம். கையில் நகல் இல்லையென்றால் கிளை மேலாளருக்கு எழுத்தில் கேளுங்கள். பிரீமியம் உங்கள் பணம். நகல் கேட்பது சலுகை கேட்பதாகாது. இப்படிப்பட்ட பாலிசியில் வங்கிக்கான ஒரு ஷரத்து இருக்கும். பெரிய க்ளைம் வந்தால் பணம் வங்கி வழியாகத்தான் வரும், கடன் பாக்கி போக மீதிதான் உங்களுக்கு. தெரிந்துகொண்டால் பிறகு அதிர்ச்சி இருக்காது.

ஒருவேளை நடப்பில் உள்ள கட்டடப் பாலிசி இருப்பது தெரியவந்தால், "மழை போய் இவ்வளவு நாளாகிவிட்டதே" என்று விட்டுவிடாதீர்கள். நஷ்டம் தெரிந்ததும் உடனே தகவல் சொல்ல வேண்டும், 30 நாளுக்குள் க்ளைம் படிவம் தர வேண்டும் என்பது விதி. ஆனால் தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால், தாமதம் என்ற ஒன்றை மட்டும் வைத்து எந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) 2011-லேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பாலிசி வங்கியிடம் இருந்தது, எங்களுக்கு நகல் தரப்படவில்லை என்பது சொல்லத்தக்க காரணம்தான். ஒரு பக்கக் கடிதமாக எழுதி, தேதியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

சர்வேயர் வந்தால் என்ன பார்ப்பார் என்பதையும் சொல்கிறேன். நுழைந்ததும் சுவரைத்தான் பார்ப்பார். வடிந்த தண்ணீர் சுண்ணாம்பின் மேல் ஒரு பழுப்புக் கோடு விட்டுப் போயிருக்கும். எல்லா அறைகளிலும் ஒரே மட்டத்தில் இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவை நனைந்தவை, மேலே இருந்தவை நனையாதவை. பரண்மேல் இருந்த மிக்ஸியையும் சேர்த்து எழுதினால் அந்தக் கோடே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வெள்ளையடிக்கும் முன் அந்தக் கோட்டை, பக்கத்தில் ஓர் அளவு நாடாவைப் பிடித்துப் படமெடுத்து வையுங்கள். கதவுகளில் கீழ் விளிம்பைப் பார்ப்போம். ஃப்ளஷ் டோர் என்றால் அடியில் பிளைவுட் உப்பி ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும்; அது புதுச் சேதம். தேக்குக் கதவு வீங்கியிருந்தால் காய்ந்ததும் பாதி சரியாகிவிடும். இழைத்துச் சரிசெய்யும் கூலிதான் கிடைக்கும். கரையான் அரித்த சட்டத்தை வெள்ளத்தின் தலையில் கட்ட முடியாது. அரித்த தடம் மறையாது. சேதமான பொருளைக் குப்பைக்கு அனுப்பும் முன் சர்வேயர் பார்த்தாக வேண்டும். நாற்றம் தாங்கவில்லை, போட்டே ஆக வேண்டும் என்றால், பின்புறம் ஒட்டியிருக்கும் வரிசை எண் தகட்டோடு சேர்த்துப் படமெடுத்துவிட்டுப் போடுங்கள். பழைய இரும்புக்குப் போகும் விலை க்ளைமில் கழிக்கப்படும் என்பதால், யாருக்கு எவ்வளவுக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு சீட்டும் வேண்டும்.

மோட்டார் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. வெள்ளத்தில் மூழ்கி மோட்டார் கெட்டால் அது வெள்ளச் சேதம், கிடைக்கும். மின்சாரக் கோளாறால் அதே மோட்டார் எரிந்தால் கிடைக்காது. ஷார்ட் சர்க்யூட், அதிக மின்னழுத்தம், தானாகச் சூடேறுவது ஆகியவற்றால் ஒரு மின்கருவி கெட்டால் அந்தக் கருவிக்குப் பணமில்லை என்று பாலிசியில் தெளிவாக இருக்கிறது. அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால் மற்றவற்றுக்கு உண்டு. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக, "ஓடுகிறதா பார்ப்போம்" என்று மோட்டார் சுவிட்சைத் தட்டிவிடுகிறோம். ஈரச் சுருள் அந்த நிமிடமே கருகிவிடும். பிறகு சர்வேயர் வரும்போது அது வெள்ளமா, மின்சாரமா என்ற வழக்கு ஆரம்பமாகும். காயவைத்து, எலக்ட்ரீஷியன் சோதித்து எழுதித் தரும்வரை எந்தக் கருவியையும் தொடாதீர்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் இதே விதி. வாசலில் நின்ற இருசக்கர வண்டி வீட்டுப் பாலிசியில் சேராது. அது வண்டியின் பாலிசியைச் சேர்ந்தது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் அங்கும் ஒன்றும் வராது.

இனி எடுக்க வேண்டிய பாலிசி. 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் வீடுகளுக்குத் தீக் காப்பீடு விற்கும் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற பொதுப் பாலிசியைத் தர வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதித்தது. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். இதனால் விளம்பரத்தைப் பார்த்துத் தேர்வு செய்யும் தொல்லை பெருமளவு குறைந்தது. பிரீமியத்தையும், க்ளைம் நேரத்தில் போனை எடுக்கிறார்களா என்பதையும் ஒப்பிட்டால் போதும்.

தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், சுனாமி, நிலச்சரிவு, கலவரம், பயங்கரவாதம், மரமோ வண்டியோ வந்து மோதுவது, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவது எல்லாம் இதில் வரும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களையும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவில் வீடுகள் மேல் தள்ளிய தென்னைகளையும் நினைத்துக்கொண்டால் "மோதுவது" என்ற சொல்லின் எடை புரியும். கட்டடம் என்றால் நான்கு சுவர் மட்டும் இல்லை. காம்பவுண்டு சுவர், கேட், போர்ட்டிகோ, தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், மாடியில் வைத்த சோலார் தகடு எல்லாம் கட்டடக் கணக்கில் சேரும். பலரும் சரிந்த மதில் சுவரைக் க்ளைமில் எழுதவே மறந்துவிடுகிறார்கள். உங்கள் கடிதத்தில் அது இருப்பதைப் பார்த்ததும் மகிழ்ந்தேன்.

எவ்வளவுக்கு எடுப்பது என்பதில்தான் ஏஜென்ட்டுகளே குழப்புகிறார்கள். மடிப்பாக்கத்தில் உங்கள் வீடு என்ன விலை போகும் என்பது இங்கே தேவையில்லை. அந்த விலையில் பெரும்பகுதி மனைக்கு. வெள்ளம் மனையைக் கொண்டுபோகாது. அதே கட்டடத்தை இன்று திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்பதுதான் கணக்கு. இரண்டு தளமும் சேர்ந்து கார்ப்பெட் ஏரியா (சுவர்களுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) 1,800 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: 45 லட்சம். மதில், செப்டிக் டேங்க் முதலியவற்றின் செலவை இதோடு சேர்க்க வேண்டும். வீட்டின் விலை ஒன்றரைக் கோடி என்று அந்தத் தொகைக்கு எடுத்தால் கூடுதல் பிரீமியம் வீண். நஷ்டத்துக்கு மேல் எந்த நிறுவனமும் தராது. கட்டடத்துக்கு எடுத்தால் உங்கள் வீட்டுப் பொருள்களுக்கு, கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்குத் தானாகவே காப்பு வந்துவிடும். 45 லட்சத்துக்கு 9 லட்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

குறைத்து எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு. உங்கள் வங்கி கடன் பாக்கிக்கு மட்டும், 12 லட்சத்துக்குப் பாலிசி எடுத்திருக்கிறது என்று வையுங்கள். வீட்டைத் திரும்பக் கட்ட 45 லட்சம். நஷ்டம் 3 லட்சம். பழைய தீக் காப்பீட்டுப் பாலிசிகளில் விகிதாசார விதி உண்டு. 45-க்கு எடுக்க வேண்டியதை 12-க்கு எடுத்தீர்கள், எனவே அதே விகிதத்தில்தான் தருவோம் என்று 80,000 ரூபாயோடு நிறுத்திவிடுவார்கள். மீதி 2,20,000 உங்கள் கையிலிருந்து. பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த விதி நீக்கப்பட்டுவிட்டது. காப்பீட்டுத் தொகை வரை முழு நஷ்டமும் கிடைக்கும். அந்தப் பாலிசியில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். ஆனால் அதை நம்பிக் குறைத்து எடுக்காதீர்கள். வீடே போனால் 12 லட்சத்தை வைத்து அஸ்திவாரத்தைத் தாண்ட முடியாது. பத்து ஆண்டு வரை சேர்த்தே எடுக்கலாம். நீண்டகாலப் பாலிசியில் கட்டடத் தொகை ஆண்டுதோறும் 10 சதவீதம் தானாக ஏறும். உங்களைப்போல் சொந்த வீட்டில் நிலையாக இருப்பவர்களுக்கு அது நல்லது. புதுப்பிக்க மறந்த ஆண்டில்தான் புயல் வருகிறது.

எது கிடைக்காது என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு சர்வேயரைத் திட்டாமல் இருக்கலாம். மொட்டைமாடி ஓதம், பல வருடமாகக் கசியும் குளியலறைச் சுவர், கரையான், புதுக்கட்டடம் தரையில் அமர்வதால் வரும் கீறல், கட்டுமானக் குறை எதற்கும் பணமில்லை. திடீரென்று நடந்த ஒரு நிகழ்வு வேண்டும். மெல்ல மெல்ல நடப்பது பராமரிப்புச் செலவு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி மாடி ஓதம்தான். "மழையால்தானே ஓதம்?" என்பார்கள். மழையால்தான், ஆனால் பத்து மழையால்.

திருட்டு, பலர் வழுக்கி விழும் இடம். இந்தப் பாலிசியில் சாதாரணத் திருட்டு இல்லை. மேலே சொன்ன ஆபத்து ஒன்று நடந்து, அதன் விளைவாக 7 நாளுக்குள் திருடு போனால்தான் உண்டு. வெள்ளம் புகுந்ததால் வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குப் போனீர்கள், அந்த வாரத்தில் உடைத்துத் திருடினார்கள் என்றால் வரும். திருமணத்துக்குப் போய்த் திரும்பினால் பீரோ திறந்து கிடந்தது என்றால் வராது. அதற்குத் தனியாகக் கொள்ளைக் காப்பு எடுக்க வேண்டும், அல்லது பல காப்புகளைச் சேர்த்துத் தரும் "ஹவுஸ்ஹோல்டர்ஸ்" பாலிசி எடுக்க வேண்டும். அதிலும் பூட்டையோ கதவையோ உடைத்து நுழைந்த அடையாளமும் எஃப்.ஐ.ஆரும் கேட்பார்கள். வேலைக்கு வருபவர் சத்தமில்லாமல் எடுத்துப் போனதற்குப் பதில் சொல்லாத பாலிசிகளும் உண்டு.

நகை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மடிப்பாக்கத்தில் நகை இல்லாத வீடு ஏது? தானாகக் கிடைக்கும் அந்த 20 சதவீதக் காப்பில் நகை வராது. விலையுயர்ந்த பொருள்கள் என்று தனிப்பிரிவில் கேட்டு எடுக்க வேண்டும். மொத்தம் 5 லட்சம் வரை, ஒரு நகை 1 லட்சத்துக்கு மேல் இல்லை என்றால் மதிப்பீட்டுச் சான்று தேவையில்லை. இன்றைய தங்க விலையில் ஒரு சங்கிலியே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது; எனவே சான்று வாங்கிவிடுவதே பாதுகாப்பு. ரொக்கப் பணத்துக்கு இந்தப் பாலிசியில் வழியே இல்லை.

வாடகைக்கு விட்டவர் என்ற முறையில் உங்களுக்கு வேறு சில விஷயங்கள் உண்டு. விண்ணப்பத்தில் கீழ்த்தளம் வாடகைக்கு விடப்பட்டிருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். குடியிருப்புக்காக விட்டிருக்கும்வரை சிக்கல் இல்லை. அவர் அங்கே மளிகைக் கிடங்கோ கேட்டரிங் அடுப்போ வைத்தால் அது வீடு என்ற கணக்கிலிருந்து போய்விடும்; நிறுவனத்துக்குத் தெரிவித்துத் தொழிலிடத்துக்கான பாலிசிக்கு மாற வேண்டும். இன்னொன்று, வீடு குடியிருக்கத் தகுதியற்றுப் போனால் நீங்கள் இழக்கும் வாடகையும் கட்டடக் காப்பில் அடங்கும். நீங்களே குடியிருக்கும் மாடிக்கு அப்படி நேர்ந்தால், வேறு வீட்டுக்குக் கொடுக்கும் வாடகை கிடைக்கும். பழுதுபார்க்க நியாயமாகத் தேவைப்படும் காலத்துக்குத்தான்; உச்சவரம்பு மூன்று ஆண்டு. வீடு தகுதியற்றது என்று கட்டடக் கலைஞரிடமோ உள்ளாட்சி அமைப்பிடமோ சான்று வாங்க வேண்டும். இரண்டு நாள் தண்ணீர் நின்றதற்கு இது பொருந்தாது. சுவர் விண்டு, ஆள்கள் வெளியேற வேண்டிய நிலை வந்தால் பொருந்தும். இப்படி ஒரு வசதி பாலிசியில் இருப்பது தெரியாமலேயே பலர் அதைக் கேட்காமல் விடுகிறார்கள்.

இனி அந்த நல்ல மனிதருக்கு வருவோம். "வாடகையில் கழித்துக்கொள்கிறேன்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய ரிப்பேரைக் கேட்டும் செய்யாவிட்டால், குடித்தனக்காரர் தாமே செய்து அந்தச் செலவைக் கழிக்கலாம். அது வீட்டின் ரிப்பேருக்கு, அவருடைய மெத்தைக்கு அல்ல. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் யார் எந்த ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று பிரித்துப் பட்டியலே போட்டிருக்கிறது. கட்டடத்தின் ரிப்பேர், வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது உங்கள் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு போன்றவை அவர் பக்கம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு இன்னொரு வழியும் அவருக்குத் தருகிறது. தீயாலோ புயலாலோ வெள்ளத்தாலோ வீட்டின் முக்கியப் பகுதி நிரந்தரமாகப் பயன்படாமல் போனால், அவர் விரும்பினால் வாடகை ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்கு அந்த நிலை வரவில்லை.

ஆனால் வெள்ளத்துக்குப் பதிலாக உங்கள் மாடித் தொட்டி வழிந்து, மிதவை வால்வு பழுது என்று அவர் முன்பே சொல்லியும் நீங்கள் கவனிக்காமல் விட்டு, அந்தத் தண்ணீரில் அவருடைய டி.வி. போயிருந்தால் கதை வேறு. அது உங்கள் கவனக்குறைவு. அவர் உங்களிடம் நஷ்ட ஈடு கேட்கலாம். அதற்குக் கட்டடப் பாலிசி பணம் தராது. பிறருக்கு நாம் விளைவித்த நஷ்டத்துக்கான பொறுப்புக் காப்பு தனி. ஹவுஸ்ஹோல்டர்ஸ் பாலிசியில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கு இது வீண்செலவு அல்ல என்பது என் கருத்து. இதே விதி மறுபக்கமும் பாயும். அவர் அடுப்பை அணைக்க மறந்து சமையலறை எரிந்தால், உங்கள் காப்பீட்டு நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, உங்கள் இடத்தில் நின்று அவரிடம் வசூலிக்கப் போகலாம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு நாள் முழங்கால் தண்ணீரில் நின்ற குடும்பத்துக்குப் பாதி மாத வாடகையை விட்டுக்கொடுத்தால் உங்களுக்குப் பெரிய இழப்பில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைச் செய்வேன். அதை நஷ்ட ஈடு என்று எழுதாமல், "மழையினால் இந்த மாதத்துக்கு மட்டும் வாடகைச் சலுகை" என்று ரசீதில் எழுதுங்கள். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இப்படி ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "கட்டடத்துக்கும் உரிமையாளர் பொருத்திய சாமான்களுக்கும் காப்பீடு உரிமையாளர் பொறுப்பு, வாடகைதாரரின் உடைமைகளுக்குக் காப்பீடு வாடகைதாரர் பொறுப்பு." இந்த ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் கடிதத்தையே நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். ஒப்பந்தத்தோடு, அவர் குடிவரும் நாளில் நீங்கள் வைத்துக் கொடுக்கும் பொருள்களின் பட்டியலையும் இணைத்து இருவரும் கையெழுத்திடுங்கள். க்ளைம் நேரத்தில் எது யாருடையது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

உங்கள் மகன் கண்டிப்பாக எடுக்கலாம். கட்டடத்தை விட்டுவிட்டு வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் பாரத் கிருஹ ரக்ஷா எடுக்கும் வசதி இருக்கிறது. கோவையில் மடிப்பாக்கம் அளவுக்கு வெள்ளப் பயம் இல்லை என்று அவர் நினைக்கலாம். தீயும் மின்னலும் வெடித்த குழாயும் ஊர் பார்ப்பதில்லை. மாடிவீட்டுக் குழாய் வெடித்தாலும் நனைவது இவருடைய லேப்டாப்தான். தனியாக இருப்பவர் என்றால் மூன்று நான்கு லட்சத்துக்கு எடுத்தால் போதும். பிரீமியம் அவர் மாதந்தோறும் கட்டும் போன் செலவோடு ஒப்பிடும் அளவில்தான் இருக்கும். லேப்டாப், டி.வி., கட்டில் ஆகியவற்றின் பில்களைப் படமெடுத்து மின்னஞ்சலில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் பொருளோடு பில்லும் போய்விடுகிறது. அவர் வீடு மாறினால் புது முகவரியைப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். பாலிசி அதில் குறித்த முகவரிக்குத்தான். உங்கள் குடித்தனக்காரருக்கும் இதையே சொல்லலாம். பகையும் வராது, அடுத்த மழைக்கு அவருக்கும் ஒரு பிடிமானம் இருக்கும்.

கடைசியாக, வங்கி எடுத்த பாலிசி நடப்பில் இருந்து, க்ளைம் கொடுத்தும் இழுத்தடித்தால் என்ன செய்வது? சர்வேயர் பொறுப்பேற்ற 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. காலக்கெடு வைத்திருக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியிடம், போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம்தான். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நிராகரிப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ஆனால் இதெல்லாம் அந்தப் பாலிசியின் முதல் பக்கத்தைப் பார்த்த பிறகு. நாளைக் காலை வங்கி திறந்ததும் முதலில் அதன் நகலை வாங்குங்கள்.